தோள்பட்டையும் சீனத்து ஊசியும் - கல்கத்தா வழியாகத் திருப்பூர் வரை

டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் சப்ளை பண்ற ஆள். இது வரலாற்றுப் பதிவு, வைத்தியக் குறிப்பு இல்லை. கொஞ்சம் நீளம்தான். டீ குடிச்சுட்டு வந்து உக்காருங்க :-)

திருப்பூரில் எந்தச் சந்துக்குள் போனாலும் சுவரில் ரெண்டு வகை அறிவிப்பு கண்ணில் படும். ஒண்ணு, "ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை". இன்னொண்ணு, "கழுத்து வலி, தோள்பட்டை வலி, மூட்டு வலிக்கு சீன முறை அக்குபஞ்சர்". முதல் நோட்டீசைப் பார்த்து வேலைக்குச் சேர்றவங்கதான் பத்து வருசம் கழிச்சு ரெண்டாவது நோட்டீசில் இருக்கும் நம்பருக்குப் போன் பண்றாங்க.

இதில் ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. ஓவர்லாக் மிஷினில் உக்காந்திருக்கும் ஒருத்தரை அஞ்சு நிமிசம் பார்த்தாலே புரியும். தலை குனிஞ்சிருக்கும். ரெண்டு முழங்கையும் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். துணியைத் தள்ளு, திருப்பு, இழு, அடுத்த பீஸ். அயர்னிங்கில் நிற்பவருக்கு வலது தோள். கட்டிங் மாஸ்டருக்கு மிஷினைத் தள்ளும் தோள். பேக்கிங்கில் பெட்டி தூக்குபவருக்கு ரெண்டும். கைமடி, செக்கிங் என்று எந்த வேலையை எடுத்தாலும் அது கடைசியில் வந்து சேருகிற இடம் கழுத்துக்கும் மேல்கைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு சாண் சதைதான்.

எனக்குள் ரொம்ப நாளாக ஒரு கேள்வி. சுளுக்கு எடுக்க நம்ம ஊரில் ஆள் இருக்கு. வர்மம் இருக்கு. சித்த வைத்தியம் இருக்கு. ஒத்தடம், தைலம், நல்லெண்ணெய் எல்லாம் இருக்கு. அப்புறம் எப்படிங்க சீனாக்காரன் ஊசி இந்த ஊருக்கு வந்தது? யார் கொண்டு வந்தது? தேடிப் படிக்க ஆரம்பித்தால் அது சீனத்துக் கல்லறையில் தொடங்கி, ஒரு யுத்தம் வழியாக, கல்கத்தாவில் வந்து நிற்கிறது. கல்கத்தா என்றதும் திருப்பூர்க்காரங்களுக்கு ஒரு மணி அடிக்கணும். காரணம் பின்னால் வருது.

கல்லறையில் ஒரு தோள்

சீனாவில் ஹுனான் மாகாணத்தில் சாங்ஷா என்று ஒரு ஊர். அதன் பக்கத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் 1973-ல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-ல் மூடிய கல்லறை. உள்ளே பட்டுத்துணியில் எழுதிய சுவடிகள் கிடைத்தன. அதில் சில மருத்துவச் சுவடிகள்.

உடம்புக்குள் ஓடும் பதினொரு பாதைகளைப் பற்றி அவற்றில் எழுதியிருக்கிறது. பின்னால் வந்த நூல்களில் இது பன்னிரண்டாகி, இன்றைக்கு எல்லா அக்குபஞ்சர் படத்திலும் கோடு கோடாக இருப்பது அதுதான். சுவாரசியம் என்னவென்றால், மாவாங்துய் சுவடி ஒன்றில் அந்தப் பாதைகளில் மூன்றுக்கு ரொம்ப எளிமையான பெயர்கள். ஒன்று காதுப் பாதை. ஒன்று பல் பாதை. இன்னொன்று "தோள் பாதை". அது கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. தோள் கழன்று வந்துவிட்ட மாதிரி இருக்கும், மேல்கை ஒடிந்த மாதிரி இருக்கும், கழுத்தைத் திருப்ப முடியாது என்கிற அர்த்தத்தில் போகிறது. 2,100 வருசத்துக்கு முன்னாடி எழுதியது. எங்க ஊர் செக்கிங் டேபிளில் நிற்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

இன்னொரு விசயம். அந்தச் சுவடிகளில் இந்தப் பாதைகளுக்குச் சொல்லியிருக்கும் வைத்தியம் ஊசி இல்லை, சூடு! சீனத்தில் இந்த வைத்தியத்துக்குப் பெயர் "சென்ஜியூ". சென் என்றால் ஊசி, ஜியூ என்றால் காய்ந்த மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது. அந்த மூலிகை நம்ம மரிக்கொழுந்துக்குப் பங்காளி. நம்ம கிராமங்களில் "சூடு போடறது" என்று ஒண்ணு இருந்ததே, அதன் நாசூக்கான வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவடிகளை வைத்துப் பார்த்தால் பாதைகளுக்கு முதலில் வந்தது சூடு, ஊசி அப்புறம். "அக்குபஞ்சர்" என்ற லத்தீன் பெயரை வைத்தது சீனர்கள்கூட இல்லை. ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு வந்த வில்லெம் டென் ரைன என்ற டச்சு டாக்டர். 1683-ல் அவர் எழுதிய புத்தகத்தில்தான் ஐரோப்பாவுக்கு இந்தச் சொல் அறிமுகம். ஊசியை மட்டும் பெயரில் வைத்துக்கொண்டு சூட்டை விட்டுவிட்டார்கள்.

வில் இழுக்க முடியாத ஆளுநர்

தோள்பட்டை வைத்தியத்தில் சீனர்கள் இன்றைக்கும் சொல்லும் கதை ஒன்று உண்டு. தாங் வம்ச வரலாற்று நூலில் பதிவாகியிருப்பது.

சென் ச்சுவான் என்று ஒரு வைத்தியர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் தம்பியோடு சேர்ந்து வைத்தியம் படித்தவர். அப்போது சுய் வம்ச ஆட்சி. லூ சோ என்ற பகுதியின் ஆளுநருக்குக் கையில் வாத நோய். வில்லை இழுக்க முடியவில்லை. பல வைத்தியர்கள் பார்த்தும் குணமில்லை. சென் ச்சுவான் வந்து, வில்லையும் அம்பையும் எடுத்துக்கொண்டு குறியைப் பார்த்து நில்லுங்கள் என்றார். தோளில் "ஜியென்யூ" என்ற புள்ளியில் ஒரே ஒரு ஊசி. ஆளுநர் அங்கேயே அம்பை விட்டார்.

கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள் எலும்பின் நுனியில் ஒரு குழி விழும் பாருங்கள், அதுதான் ஜியென்யூ. இன்றைக்கும் தோள்பட்டை வலிக்கு அக்குபஞ்சர்காரர்கள் அதிகம் தேடும் புள்ளிகளில் அது ஒன்று. சென் ச்சுவானைப் பார்க்க 643-ல் தாங் பேரரசர் தாய்சொங்கே வீடு தேடி வந்தார் என்றும், அப்போது அவருக்கு வயது 103 என்றும் அதே நூல் சொல்கிறது.

ஒரே ஊசியில் குணமானதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வரலாற்று நூல்களில் வைத்தியர்களைப் பற்றி எழுதும்போது தோற்ற கேஸ்களை எழுத மாட்டார்கள் :-) ஆனால் கதையில் ஒரு விசயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் நோயாளியைப் படுக்கச் சொல்லவில்லை. உன் வேலையை எப்படிச் செய்வாயோ அப்படி நில் என்றார். வேலையோடு சேர்த்துத்தான் தோளைப் பார்த்தார். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

செத்துப் பிழைத்த வைத்தியம்

ஐயாயிரம் வருசமாக இடைவிடாமல் வரும் வைத்தியம் என்று நோட்டீசில் போட்டிருக்கும். அது அப்படி இல்லை. 1822-ல் தாவோகுவாங் என்ற சீனப் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி வைத்தியப் பிரிவையே மூடச் சொன்னார். அரசர் உடம்பில் ஊசி குத்துவதும் சூடு வைப்பதும் மரியாதை இல்லையாம். அரண்மனையில் போனது, தெருவில் மட்டும் மிச்சம் இருந்தது. 1929-ல் சீனக் குடியரசின் சுகாதாரக் குழு ஒரு படி மேலே போய், பாரம்பரிய வைத்தியத்தையே ஒழிக்கத் தீர்மானம் போட்டது. மார்ச் 17 அன்று ஷாங்காயில் நாட்டு வைத்தியர்கள் திரண்டு எதிர்த்தார்கள். தீர்மானம் கிடப்பில் போனது.

அதைத் தூக்கி நிறுத்தியது ஏட்டுச் சுவடி இல்லை, பற்றாக்குறை. ஜப்பான் படையெடுப்பு நேரம். வடமேற்கில் யேனான் என்ற மலைப்பகுதியில் கம்யூனிஸ்ட் படை இருக்கிறது. மருந்து வராது, டாக்டர் குறைவு. அங்கே சூ லியென் என்ற பெண் டாக்டர் இருந்தார். மேற்கத்திய மருத்துவம் படித்தவர். 1944 வாக்கில் அவர் ஒரு பழைய வைத்தியரிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டார். மருந்து இல்லாத இடத்தில் ஒரு ஊசியாவது இருக்கே! 1951-ல் "புதிய அக்குபஞ்சர்" என்று புத்தகமே எழுதினார். பழைய தத்துவத்தைக் குறைத்து, நரம்பு மண்டலத்தை வைத்து விளக்கம், சுத்தமான ஊசி, பாடத்திட்டம். இன்றைக்கு உலகம் முழுக்கப் போடுகிற "பாரம்பரிய" ஊசியில் பாதி, 1950-களில் சீன அரசு இப்படி ஒழுங்குபடுத்தியதுதான். ஏழை நாட்டில், ஏழைகளுக்காக, செலவில்லாத வைத்தியமாக மறுபிறவி எடுத்தது. இந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் உள்ளே வருகிறார்கள்.

சோலாப்பூர்க்காரரும் கல்கத்தாக்காரரும்

1938. சீனத் தளபதி சூ தே நேருவிடம் டாக்டர்கள் அனுப்புங்கள் என்று கேட்டார். அப்போது காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். நாடு முழுக்க நிதி திரட்டி அஞ்சு டாக்டர்களை அனுப்பினார்கள். அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறி, 1939 பிப்ரவரியில் யேனான் போய்ச் சேர்ந்தார்கள்.

இவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் சோலாப்பூரில் பிறந்தவர். சோலாப்பூர் போர்வை தெரியாத வீடு உண்டா? அதே மில் ஊர். போர்முனை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்து, 1942 டிசம்பர் 9-ம் தேதி, 32 வயதில் அங்கேயே இறந்துபோனார். சாந்தாராம் 1946-ல் அவரைப் பற்றிப் படமே எடுத்தார். அதனால் இந்தியாவில் அக்குபஞ்சர் என்றாலே கோட்னிஸ் பெயர்தான் முன்னால் நிற்கும். லூதியானாவில் அவர் பெயரில் அக்குபஞ்சர் ஆஸ்பத்திரியே இருக்கிறது. லூதியானா எது? நமக்கு அண்ணன் முறை வேண்டிய பின்னலாடை ஊர்!

ஆனால் ஊசியை இங்கே கொண்டு வந்தவர் கோட்னிஸ் இல்லை. கூடப் போன பிஜோய் குமார் பாசு. 1943-ல் ஊர் திரும்பியவர், 1958-ல் மறுபடி சீனா போய் அக்குபஞ்சர் முறையாகக் கற்றுக்கொண்டு வந்து, 1959-ல் கல்கத்தாவில் ஊசி போட ஆரம்பித்தார். நவீன இந்தியாவின் அக்குபஞ்சர் வரலாறு இந்த வருசத்தில் தொடங்குகிறது.

இப்போ அந்த மணி. பனியன் இந்தியாவில் முதலில் வேர் பிடித்ததும் கல்கத்தாவில்தான். 1893-ல் கிதிர்பூரில் முதல் பின்னல் ஆலை. அங்கேயிருந்து கையால் சுற்றும் பின்னல் மிஷின் திருப்பூருக்கு வந்ததுதான் நம்ம ஊரின் பிள்ளையார் சுழி. குலாம் காதர் பெயரைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆக, தோளை வலிக்க வைக்கும் தொழிலும் கல்கத்தாவிலிருந்து. தோள் வலிக்கான ஊசியும் கல்கத்தாவிலிருந்து. முன்னது முதலில் வந்தது, பின்னது கொஞ்சம் மெதுவாக வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாசு ஆரம்பித்த மூணாவது வருசமே 1962 யுத்தம். இந்தியாவில் பிறந்த சீன வம்சாவளிக் குடும்பங்களையே பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்த காலம். அப்படிப்பட்ட நேரத்திலும் இந்த வைத்தியம் கல்கத்தாவில் அழிந்துவிடவில்லை. மாறாக மேற்கு வங்கம்தான் பிற்பாடு, 1996-ல், அக்குபஞ்சருக்கென்று தனிச் சட்டம் போட்டது. மத்திய அரசு 2003-ல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது.

நடுவில் உலக அளவில் ஒரு அலை. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் ஆபரேசன். ஊசி போட்டே ஆபரேசன் பண்ணிட்டாங்க என்று பலர் இன்னமும் சொல்கிறார்கள். இல்லை. ஆபரேசன் வழக்கமான மயக்க மருந்தில்தான் நடந்தது. அதற்கப்புறம் வந்த வயிற்று அவஸ்தைக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி. அவர் எழுதிய கட்டுரை அமெரிக்காவைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது. அடுத்த வருசம் நிக்சன் சீனா போனார். 1979-ல் உலக சுகாதார நிறுவனம் அக்குபஞ்சர் போடத்தக்க நோய்கள் என்று 43 கொண்ட பட்டியல் வெளியிட்டது. அதில் உறைந்த தோளும் உண்டு. நமக்குப் பக்கத்தில் கொழும்பில், களுபோவிலை அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்டன் ஜயசூரிய ஊசி வைத்தியம் நடத்தி, வெளிநாட்டு டாக்டர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

போகர் என்ன ஆனார்?

இந்த இடத்தில் நம்மாட்கள் கேட்பார்கள் என்று தெரியும். "ஏனுங்க, இதெல்லாம் நம்ம போகர் சீனாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததுதானுங்களே?" பழனி எங்க ஊரிலிருந்து ரெண்டு மணி நேர பஸ் பயணம். அதனால் இந்தக் கேள்வி இங்கே கொஞ்சம் சத்தமாகவே வரும்.

போகர் பெயரில் இருக்கும் பாடல்களில் சீன தேசம் வருகிறது, உண்மை. அவர் சீனாவிலிருந்து வந்தார் என்றும் கதை உண்டு, இங்கிருந்து போனார் என்றும் கதை உண்டு. கடல் வாணிபம் இருந்த காலத்தில் மருந்தும் ரசவாதமும் அங்கிட்டும் இங்கிட்டும் போயிருக்க வாய்ப்பு நிறையவே இருக்கு. ஆனால் இன்றைக்கு நம்ம தெருவில் போடுகிற ஊசிக்கு ரசீது வேறு. மாவாங்துய், யேனான், கல்கத்தா என்று ஒவ்வொரு கைமாற்றலும் எழுத்தில் இருக்கிறது. போகர் மேல் மரியாதை வைக்க இந்த ரசீதைக் கிழிக்கணும்னு அவசியம் இல்லை.

சரி, வலி போகுமா?

எல்லாரும் கேட்க நினைப்பது இதுதான். தோள்பட்டை வலிக்கு மட்டும் என்று நடந்த பெரிய ஆய்வு ஒன்று ஜெர்மனியில். 2010-ல் வெளியானது. நாள்பட்ட தோள் வலிக்காரர்கள் 424 பேர். மூன்று குழு. ஒரு குழுவுக்கு சீன முறைப்படி ஊசி. ஒரு குழுவுக்குப் போலி ஊசி. இன்னொரு குழுவுக்கு வழக்கமான எலும்பு டாக்டர் வைத்தியம், அதாவது வலி மாத்திரை, பிசியோதெரபி மாதிரி. ஆறு வாரத்தில் 15 தடவை. முடிந்து மூணு மாசம் கழித்துக் கேட்டபோது, வலி பாதியாவது குறைந்தவர்கள் எத்தனை பேர்? நிஜ ஊசியில் 65 சதவீதம். போலி ஊசியில் 24. வழக்கமான வைத்தியத்தில் 37.

நல்ல கணக்குதான். ஆனால் ஊசி போட்ட டாக்டருக்கு எது நிஜம், எது போலி என்று தெரியும். அது அவர் முகத்தில், பேச்சில் தெரியாமல் இருக்காது. முதுகு வலிக்கு ஜெர்மனியிலேயே நடந்த பெரிய ஆய்வில் போலி ஊசியும் நிஜ ஊசியும் ஏறத்தாழ ஒரே பலன் கொடுத்தன. 2018-ல், 39 ஆய்வுகளில் இருந்து 20,827 நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததில் வந்த முடிவு: நாள்பட்ட வலிக்கு ஊசி உதவுகிறது, ஆனால் போலி ஊசியைவிட வித்தியாசம் சுமார்தான். பாதைகள், சக்தி ஓட்டம் என்ற விளக்கத்தை விட்டுவிட்டாலும், வலி குறைவது நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதுக்கு மேலே நீட்டினால் ரப்பர் அறுந்துவிடும்.

ஊசி என்றதும் பயப்படுபவர்களுக்கு ஒரு தொழில் கணக்கு. 75-ம் நம்பர் தையல் ஊசியின் கனம் 0.75 மில்லிமீட்டர். அக்குபஞ்சர் ஊசி வழக்கமாக 0.25, 0.30. நம்ம மிஷின் ஊசியில் பாதிகூட இல்லை. ஆஸ்பத்திரி ஊசி மாதிரி நடுவில் ஓட்டையும் கிடையாது.

ஆனால் தோளில் ஒரு எச்சரிக்கை இருக்கு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், அமுக்கினால் "ஆ" என்று சொல்ல வைக்கும் இடத்தில் "ஜியென்ஜிங்" என்று ஒரு புள்ளி. தோள் கிணறு என்று அர்த்தம். அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி. ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழுந்து மூச்சு திணறும். உலகம் முழுக்க இதற்கு கேஸ்கள் பதிவாகியிருக்கு. அதனால் உடற்கூறு படித்தவரா, புது ஊசி பிரிக்கிறாரா என்று பார்ப்பது நம்ம கடமை.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியில் விரலால் தொடுகிற முறை ரொம்பப் பரவிவிட்டது. தொட்டால் நுரையீரலுக்கு ஆபத்து இல்லை, சரி. ஆனால் தொடுபவர்களில் சிலர் கூடவே "எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க" என்றும் சொல்கிறார்கள். தோள்பட்டைக்காரருக்கு இது பெரிய வம்பு. கை மேலே போகாமல் இறுகிப் போகும் நோய்க்கு 1934-ல் அமெரிக்க டாக்டர் காட்மன் "உறைந்த தோள்" என்று பெயர் வைத்தார். சீனத்தில் அதற்கு "ஐம்பது வயதுத் தோள்" என்றே பெயர். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். தோள் வலிக்காகப் போய் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது, ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே வாளியை எடுத்துவிடுகிற வேலை.

இடது தோள் வலியோடு வியர்த்துக் கொட்டி நெஞ்சு அடைத்தால் ஊசியும் வேண்டாம், விரலும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரி.

ஆளுநரும் ஓவர்லாக் அக்காவும்

லேபிள் கொடுக்கப் போகும் ஒரு சின்ன யூனிட்டில் ஓவர்லாக் ஓட்டும் அக்கா ஒருத்தர் இருக்கிறார். இருபது வருசமாக மிஷின். இரண்டு வருசமாக வலது தோள். ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டேன்.

"ஊசி போட்டதுல தேவலைங்களாக்கா?"

"போட்டா லேசாயிருதுங்க தம்பி. மறுநா ஒன்றரை ஷிப்ட் ஓட்டிப்போடலாம். சனிக்கெழமை ஆச்சுன்னா பழையபடி வந்துருதுங்."

"பதினஞ்சு தடவை தொடர்ந்து போகச் சொல்றாங்களேக்கா?"

"எட்டரைக்கு வேலை உட்டா, எந்த டாக்டருங்க தொறந்து வெச்சுட்டு உக்காந்திருப்பாரு?"

காலை எட்டரைக்கு ஏறி ராத்திரி எட்டரைக்கு இறங்குவதுதான் எங்க ஊர் ஒன்றரை ஷிப்ட். பீஸ் ரேட் ஆளாக இருந்தால் போகாத நாளுக்குக் காசு இல்லை. ஜெர்மனி ஆய்வில் வந்த 65 சதவீதம் என்பது ஆறு வாரத்தில் 15 தடவை போக நேரம் கிடைத்தவர்களின் கணக்கு என்பதை இந்த அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஈ.எஸ்.ஐ. கதையும் எங்க ஊரில் நேரக் கதைதான். இவ்வளவு தொழிலாளிகள் இருக்கும் திருப்பூருக்கு 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் விழுந்ததே 2019-ல்தான். திறந்தது 2024-ல்.

அந்த ஆளுநர் கதையை இப்போ மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு ஊசி, ஒரு அம்பு. அப்புறம் ஆளுநர் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். நம்ம அக்காவுக்கு ஒரு ஊசிக்கு அப்புறம் ஆயிரம் பீஸ் காத்திருக்கிறது. அதே புள்ளி, அதே ஊசி, ஆனால் ஊசி எடுத்ததும் தோள் எங்கே திரும்பிப் போகிறது என்பதில்தான் வித்தியாசம் எல்லாம். யேனானில் ஊசிக்கு மறுபிறவி கொடுத்தவர்களும் சிப்பாயைத் திரும்பப் போர்முனைக்கு அனுப்பத்தான் அவசரப்பட்டார்கள். கையைத் திருப்பி வேலைக்கு அனுப்புகிற திறமை இந்த ஊசியிடம் அன்றிலிருந்தே இருக்கிறது. வேலையை மாற்றுகிற திறமை எந்த ஊசியிடமும் இல்லை, அலோபதி ஊசியிடமும்தான்.

1700-ல் இத்தாலியில் ரமாத்சினி என்ற டாக்டர் தொழிலாளிகளின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தையல்காரர்கள், நெசவாளிகள் எல்லாரும் அதில் வருகிறார்கள். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னவர் அவர். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் சென் ச்சுவான் வில்லோடு வா என்று சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். திருப்பூரில் தோள்பட்டை வைத்தியம் பார்க்கிற சீன முறைக்காரரோ, எலும்பு டாக்டரோ, வர்ம ஆசானோ, யாராக இருந்தாலும், நோயாளியை ஒரு ஸ்டூலில் உக்கார வைத்து "எப்படித் தைப்பீங்க, காட்டுங்க" என்று கேட்டால் பாதி வைத்தியம் அங்கேயே தெரிந்துவிடும்.

மீதிப் பாதி கம்பெனி முதலாளிகள் கையில். முதுகு சாய வழியில்லாத ஸ்டூலை மாத்தறது, ஆளுக்குத் தகுந்த மாதிரி டேபிள் உயரத்தை வைக்கிறது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் எந்திரிக்க விடறது, ஒரே ஆளை வருசம் பூரா ஒரே ஆபரேசனில் போடாமல் மாத்தி மாத்திப் போடறது. இதுக்கெல்லாம் சீனாவுக்குப் போக வேண்டாம். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் தீயணைப்புக் கருவிக்குப் பெயின்ட் அடிக்கிற ஊர்தான் நம்மளது. அந்த பையரும் என்றைக்காவது டெய்லர் தோளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் நல்லது.

அந்த அக்கா இப்போ ஓவர்லாக்கை விட்டு செக்கிங்குக்கு மாறிட்டாங்க. சம்பளம் குறைச்சல். தோள் தேவலையாம். இப்போ குதிகால் வலிக்குதுங்கறாங்க, நின்னுக்கிட்டே பார்க்கிற வேலையில்ல.

உங்க ஊர்லயும் தொழில்வாரியா ஒரு வலி இருக்கும். சிவகாசி, ஆம்பூர், நாமக்கல்னு ஒவ்வொரு ஊருக்கும் ஒண்ணு. அதுக்கு ஜனங்க எங்க போறாங்க, அந்த வைத்தியம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு யாராச்சும் எழுதுங்க. படிக்க நான் இருக்கேன்.